கிழக்கு வரிசையில் கடை வரலாமா?

அந்தத் தெருவின் கிழக்கு வரிசையில் பிறந்து மேற்கு வரிசைக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள் ஒருத்திதான். பிறந்த வீட்டு வாசலில் நின்றால் புகுந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் தெரியும். கல்யாணமான புதிதில் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதென்றால்கூட, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து ரோட்டைக் கடந்தால் போதும். அதனாலேயே அந்தக் கோபத்துக்கு மரியாதை இல்லாமல் போனது. இவள் அந்தப் பக்கம் போய் உட்காருவதற்குள் மாமியார் ஜன்னலைத் திறந்து, "அடுப்புல பாலை வச்சிட்டு எங்கம்மா போனே?" என்று கூப்பிட்டுவிடுவாள்.

தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர். நேரில் பார்த்தால் டாக்டரம்மா என்பார்கள். அவள் டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை வைத்து, தேய்த்து மெருகேற்றி, பல் செட்டாகத் திருப்பி அனுப்பும் பட்டறையில் அவளுக்கு வேலை. அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பட்டறை ஊரின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வரவேண்டும். வீடு திரும்பும்போது புருவத்தில் வெள்ளைத் தூசி ஒட்டியிருக்கும்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாழ்நாளெல்லாம் இரும்பு ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். மனைவி போன பிறகு கிழக்கு வரிசை மாடி வீட்டில் தனியாக இருந்தார். படுக்கை மாடியில், சமையல் கீழே. காலையில் இறங்கினால் மறுபடி ஏற ராத்திரிவரை மனசு வராது. மாமனார் கடைவீதியில் மூக்குக்கண்ணாடி விற்றவர். கடையை மூடிவிட்டாலும், எதிரே வருகிறவரின் மூக்கில் கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கை பரபரக்கும். சம்பந்திகள் இருவரும் சாயங்காலம் கண்ணாடிக்காரர் வீட்டு முன்னறையில் சீட்டு ஆடுவார்கள். தோற்றவர் டீ போடவேண்டும் என்று பேச்சு. யார் தோற்றாலும் டீ போட்டது என்னவோ அவள்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கிழக்கு வரிசைக்குப் பின்னால் புது பஸ் நிலையம் வந்தது. அது வந்து கொஞ்ச நாளில் தெருமுனை விளக்குக் கம்பத்தில் நகரத் திட்ட அலுவலகத்தின் அறிவிப்பு ஒன்று தொங்கியது. கிழக்கு வரிசை இனி குடியிருப்புப் பகுதி இல்லை, வணிகப் பகுதி. கடை வைக்கலாம், அலுவலகம் வைக்கலாம், ஐந்து மாடிவரை கட்டலாம். மேற்கு வரிசை இப்போதுபோல் வீடுகளாகவே இருக்கும். ஆட்சேபம் உள்ளவர்களும் ஆதரவு உள்ளவர்களும் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம். வரைபடத்தில் கோடு நடுரோட்டில் போயிருந்தது.

மறுநாளே தெரு இரண்டாகிவிட்டது. கிழக்கு வரிசைக்காரர்கள் தங்கள் வீட்டை வெளியே நின்று, ஏதோ முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மேற்கு வரிசைக்காரர்கள் அவர்களைப் பார்த்தார்கள். அதுவரை யாரும் கண்டுகொள்ளாத விஷயங்களுக்கெல்லாம் பேச்சு வந்தது. யார் குப்பைத் தொட்டி யார் வாசலில் நிற்கிறது, யார் வண்டி யார் கேட்டை மறைக்கிறது என்று ஆரம்பித்து, எப்போதோ செத்துப்போன நாய் குரைத்ததுவரை போனது.

கிரேன்காரர் ஆதரவு. ஒரு கட்டடக்காரர் அவரை வந்து பார்த்திருந்தார். வீட்டைக் கொடுத்தால் இடித்து ஐந்து மாடி எழுப்புவதாகவும், லிஃப்ட் வைத்து மூன்றாவது மாடியில் அவருக்கு ஒரு வீடு தருவதாகவும் பேச்சு. லிஃப்ட் என்ற சொல்லைக் கேட்டதும் கிரேன்காரருக்கு முகமே மாறிவிட்டது.

"பட்டனை அமுக்கினா மேல போகுது, பட்டனை அமுக்கினா கீழ வருது. இதுக்கு மேல மனுஷனுக்கு என்னம்மா வேணும்?" என்றார் மகளிடம்.

"வீட்டை இடிக்கணுமேப்பா."

"இடிக்காம எங்க வைப்பான் லிஃப்டை? என் முதுகுலயா?"

கண்ணாடிக்காரர் கடும் எதிர்ப்பு. எதிரே ஐந்து மாடி வந்தால் தன் வீட்டுக்குக் காலை வெயில் வராமல் போய்விடும் என்றார். கடை வந்தால் லாரி வரும், லாரி வந்தால் ஹாரன் வரும். "நீங்களே கடை வச்சிருந்தவர்தானே?" என்று யாராவது கேட்டால், "அதனாலதான் சொல்றேன். கடைன்னா என்னன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது" என்பார்.

சீட்டு நின்றது. முதல் நாள் கிரேன்காரருக்கு முழங்கால் வலி என்றார்கள். அடுத்த நாள் கண்ணாடிக்காரருக்குத் தலைவலி. அதற்குப் பிறகு சாக்குச் சொல்லவும் யாரும் மெனக்கெடவில்லை. அவள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாக, ஒருவரை ஒருவர் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மா போன பிறகு அப்பா அந்த வீட்டில் பாதியை அவள் பேருக்கு எழுதியிருந்தார். அவள் கையெழுத்து இல்லாமல் கட்டடக்காரர் ஒரு செங்கல்லைக்கூடத் தொடமுடியாது. ஆக, கிழக்கே அவள் சொந்தக்காரி, மேற்கே குடியிருப்பவள். கூட்டத்தில் இரண்டு பக்கமும் பேச உரிமை உள்ளவள் தெருவில் வேறு யாரும் இல்லை. அவள் என்ன பேசுவாள் என்பதில் மட்டும் இரண்டு பெரியவர்களுக்கும் சந்தேகமே இல்லை.

"எம்மக எனக்கு எதிரா பேசிடுவாளா?" என்றார் கிரேன்காரர், காய்கறி வாங்கும் இடத்தில், நாலு பேர் கேட்க.

"எங்க வீட்ல இருந்துகிட்டு எங்க வீட்டு வெயிலை அவ மறைப்பாளா?" என்றார் கண்ணாடிக்காரர், முடி வெட்டும் இடத்தில்.

அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. அறிவிப்பைப் படித்த அன்றே, கம்பத்தடியில் நின்றபடியே தோன்றிய யோசனை. அந்த வரிசையில் தொழில் செய்யலாம் என்று ஆகிவிட்டால், அப்பா வீட்டுக் கீழ்த்தளத்தில் சொந்தமாக ஒரு பட்டறை போடலாம். இப்போது அது முடியாது. மெருகேற்றும் மிஷினுக்குச் சத்தம் உண்டு, தூசி உண்டு. குடியிருப்புப் பகுதியில் அனுமதி கிடையாது. அவளைத் தேடி வேலை கொடுக்க டாக்டர்கள் இருந்தார்கள். பட்டறை முதலாளி பேரில் போகும் பல் செட்டெல்லாம் யார் கை பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் திட்டத்தில் அவளுக்குக் கீழ்த்தளமே இல்லை. மாமனாரின் திட்டத்தில் தொழிலே இல்லை.

ஒருநாள் அதைப் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்து சோபாவில் சாய்ந்திருந்தான்.

"ஏங்க, அப்பா வீட்டுக் கீழ ரூமு சும்மாதானே கிடக்கு. அங்க..."

"உங்க அப்பாவாச்சு, எங்க அப்பாவாச்சு. என்னை விட்டுடு தாயே. வார்டுல இன்னைக்கு எட்டு பேர் என்னைத் திட்டியிருக்காங்க" என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டது. அவள் அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்து வழிந்தது. பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே கிழக்கு வரிசை ஒரு பக்கமும் மேற்கு வரிசை ஒரு பக்கமுமாக அமர்ந்துவிட்டது. வேலையிலிருந்து நேராக வந்த அவள் எந்தப் பக்கமும் போகாமல் பின்னால் கை கழுவும் தொட்டியருகே நின்றாள். மேடையில் திட்ட அலுவலக அதிகாரி, குரலை உயர்த்தாத ஒரு பெண்மணி, தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

முதலில் கிரேன்காரர் எழுந்தார். எழுவதற்கே பக்கத்துத் தோள் தேவைப்பட்டது.

"நான் நாற்பது மீட்டர் உயரத்துல உக்காந்து வேலை பார்த்தவன். இப்ப என் வீட்டு மாடி எனக்கு உயரமாயிடுச்சு. லிஃப்ட் வச்ச வீட்ல ஒரு அஞ்சு வருஷம் இருந்துட்டுப் போறேன்ங்கிறேன். இது தப்பா?"

கிழக்குப் பக்கம் கை தட்டியது. மேற்குப் பக்கத்திலும் ஓரிரண்டு பேர் தட்டப்போய், சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். வெயில், லாரி, ஹாரன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நன்றாகத்தான் பேசினார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"சம்பந்தி முழங்காலைப் பத்திச் சொன்னார். பாவம்தான். ஆனா ஒருத்தர் முழங்காலுக்காகத் தெருவே அஞ்சு மாடி ஏறணுமா? லிஃப்ட் லிஃப்ட்டுங்கிறாரே, கட்டி முடிக்கிறவரைக்கும் எங்க இருப்பார்? எங்க வீட்லதான் வந்து உக்காருவார். அதையும் நாங்கதான் பார்க்கணும்."

கிரேன்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

"உங்க வீட்டு வாசப்படி மிதிச்சா என்னை ஏன்னு கேளுங்க சம்பந்தி" என்றார்.

கண்ணாடிக்காரருக்கும் வாய் தவறிவிட்டது தெரிந்தது. ஆனால் கூட்டத்தின் நடுவில் விட்ட சொல்லை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அதிகாரி தாளைப் புரட்டினார். "முதல்ல பேசினவரோட வீட்டுக்கு இன்னொரு சொந்தக்காரர் இருக்காங்களே?"

"அது எம்மகதான். நான் சொன்னதுதான் அவ சொல்றதும். எழுதிக்குங்க" என்றார் கிரேன்காரர்.

"அவ எங்க வீட்டு மருமக. அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். எதிர்ப்புன்னு எழுதுங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "அந்தம்மா வந்திருக்காங்களா, இல்லையா?"

எல்லாத் தலையும் திரும்பியது. அவள் தொட்டியைவிட்டு நகர்ந்து முன்னால் வந்தாள். எந்த வரிசை வழியாக வருவது என்று ஒரு கணம் தயங்கி, நடுவழியிலேயே வந்தாள்.

"எனக்குக் கடை வேணும்" என்றாள்.

கிழக்குப் பக்கம் மறுபடி கைதட்டல். மாமியார் மேற்குப் பக்கம் உட்கார்ந்து வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"ஆனா அஞ்சு மாடி வேண்டாம். வீட்டை இடிக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பல் செட் செய்யறவ. டாக்டர் இல்லை, எல்லாரும் தயவுபண்ணி ஞாபகம் வச்சுக்குங்க." எங்கோ ஒரு சிரிப்பு எழுந்தது. "எங்க அப்பா வீட்டுக் கீழ ஒரு பட்டறை போடணும்னு எனக்கு ஆசை. சத்தம் வரும். தூசி வரும். மறைச்சு என்ன ஆகப்போகுது? மத்தியானம் ஊர் தூங்குற நேரத்துல மிஷினை நிறுத்திடுவேன். கீழ்த்தளத்துல தொழில், மேல வீடு, மொத்தம் மூணு மாடிக்கு மேல கூடாதுன்னு வையுங்க. எதிர்வீட்டு வெயிலும் மறையாது."

"உனக்காகச் சட்டம் போடணுமா?" என்று மேற்கு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்காகத்தான் கேக்கறேன். எல்லாரும் அவங்கவங்களுக்காகத்தானே பேசினீங்க? தெருவுக்காகன்னு யாரு பேசினா?"

சிலருக்குக் கோபம் வந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு கூட்டம் இன்னும் வெகுநேரம் நடந்தது. வண்டி நிறுத்துமிடம் பற்றியும் சாக்கடை பற்றியும் பேசினார்கள். அவள் சொன்னதை அவர்களில் சிலர் தாங்களே யோசித்ததுபோல் திருப்பிச் சொன்னார்கள். அவள் குறுக்கிடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது புருஷன் அவளுக்குப் பக்கத்தில் நடந்தான்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான்.

"சொன்னேன். நீங்க தூங்கிட்டீங்க."

"எழுப்பியிருக்கலாம்ல?" என்றான். குற்றம் சாட்டும் குரலில்லை அது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்தினார். மாமனாரும் நிறுத்தினார். காலையில் டீ கொண்டுபோய் வைத்தால், டம்ளரைப் பார்த்து, "வச்சிட்டுப் போகச் சொல்லு" என்று காற்றிடம் சொல்வார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா அவள் கொண்டுபோகும் சூப்பைக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பி அனுப்பினார். அவர் வழக்கமாகக் கழுவித்தான் அனுப்புவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றவளுக்கு இப்போது இரண்டு வீட்டிலும் இடமில்லை என்று மாமியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒருநாள் அவள் தட்டில் கூடுதலாக ஒரு முட்டையை வைத்துவிட்டு, "கூட்டத்துல நல்ல சத்தமா பேசினே. கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்டுச்சு" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில், கண்ணாடிக்காரர் ரோட்டைக் கடந்து போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார் என்று அவள் நினைத்தாள். கேட்டாரா இல்லையா என்று தெரியாது. ஜன்னல் வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மாமனார் வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்ததும், அப்பா ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டதும்தான். மத்தியானம் அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாதி வீட்டை எழுதி வச்சேன் சம்பந்தி. அதையே திருப்பி என்மேல வீசிட்டா."

"சொந்த மகளே இப்படின்னா, மருமகளை நான் என்ன சொல்றது? ஒரு வார்த்தை நம்மகிட்ட கேட்டாளா?"

"கேக்கலையே!"

அவள் பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் வாசல் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தார்கள். சீட்டுக்கட்டு கலைக்கும் சத்தமும் கேட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. தன்மேல் கோபப்படவாவது இரண்டு பேரும் சேர்ந்தார்களே என்று நினைத்தாள். ஆனால் ரோட்டைக் கடக்கும்போது கண் கலங்கியது. வண்டி வருகிறதா என்று பார்க்காமலே கடந்துவிட்டாள்.

மழைக்காலம் முடிந்து முடிவு வந்தது. கிழக்கு வரிசையில் கீழ்த்தளத்தில் மட்டும் தொழில் நடத்தலாம், மூன்று மாடிக்கு மேல் கூடாது. அவள் கேட்டதால்தான் அப்படி வந்தது என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே அப்படித்தான் முடிவு செய்து வைத்திருந்தார்கள், கூட்டமெல்லாம் கண்துடைப்பு என்று வேறு சிலர் சொன்னார்கள். எது நிஜம் என்று அவளுக்கும் தெரியாது. ஐந்து மாடி இல்லை என்றானதும் கட்டடக்காரர் கிரேன்காரரின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

லிஃப்ட் போய்விட்டது, முழங்கால் அப்படியேதான் இருந்தது. அவள் யோசித்து வைத்திருந்த கீழறைதான் அந்த வீட்டில் அப்பா படிக்கட்டு ஏறாமல் படுத்துக்கொள்ள ஏற்ற இடமும். அதை அவள் கூட்டத்தில் யோசிக்கவில்லை. அப்பாவும் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஒரு காலை அவளும் புருஷனுமாகப் போய் மாடியிலிருந்து கட்டிலைப் பிரித்து இறக்கி, கீழறையில் மறுபடி பொருத்தினார்கள். அப்பா சுவரைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உன் பட்டறை?" என்றார். கூட்டத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"கார் ஷெட் இருக்கேப்பா. காரா இருக்கு நம்மகிட்ட?"

"அது ஒழுகும்."

"ஓடு மாத்திக்கலாம்."

"மாத்தறதுக்கு முன்னாடி மரத்தைப் பாரு. கரையான் அரிச்சிருக்கும்" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, உயரம் சரியாக இருக்கிறதா என்று காலைத் தொங்கவிட்டுப் பார்த்தார்.

கார் ஷெட்டில் பட்டறை ஓட ஆரம்பித்தது. கூரை தாழ்ந்திருந்ததால் நிமிர்ந்தால் தலை இடிக்கும். உட்கார்ந்தே செய்யும் வேலை என்பதால் ஒப்பேறியது. வேலைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. பழைய முதலாளி, தன் டாக்டர்களை அவள் திருடிக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரளவுக்கு அது உண்மைதான்.

ஆனால் கதவு திறந்தால் அவள் மட்டும்தான் உள்ளே வருவாள் என்று என்ன இருக்கிறது? முனைவீட்டுக்காரர் கீழ்த்தளத்தை மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிறவருக்கு வாடகைக்கு விட்டார். காலையிலிருந்து எஞ்சினை முறுக்கிப் பார்க்கும் சத்தம், நேராகக் கண்ணாடிக்காரரின் படுக்கையறை ஜன்னலில் வந்து மோதியது. மேற்கு வரிசையில் கைக்குழந்தையோடு குடியிருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனது. போகிறபோது அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். பல்லுக்காரி வாசலில் மட்டும் நிற்கவில்லை. அவளுக்கு அது உறைத்தது. மிஷினை நிறுத்திவிட்டு, வேன் தெருமுனை திரும்பும்வரை ஷெட் வாசலில் நின்றாள்.

அந்த வாரமே கண்ணாடிக்காரர் ஒரு புகார் எழுதி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அங்கே அவர் வருவது அதுதான் முதல்முறை. நுழையும்போது தலையை இடித்துக்கொண்டார். சுற்றிலும் அலமாரியில் பிளாஸ்டர் வாய்கள் வரிசையாகத் திறந்திருந்தன. அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி மூக்கில் கோணலாக இருப்பதைப் பார்த்தார். கழற்றி வாங்கி, காம்பை லேசாக வளைத்து, திரும்ப அவள் காதில் மாட்டினார்.

"மெக்கானிக் கடை மேல புகார். தெருவுல எல்லாரும் போட்டாச்சு. உங்க அப்பாகூடப் போட்டுட்டார்" என்றார்.

"நானும் போடறேன் மாமா."

"படிச்சுட்டுப் போடு. அவசரப்படாதே."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். முதல் பத்தி முழுக்க எஞ்சின் சத்தம். இரண்டாவது பத்தியில், அதே வரிசையில் கார் ஷெட்டில் நடக்கும் பல் பட்டறையின் மிஷின் சத்தமும் தூசியும் குடியிருப்போருக்குத் தொந்தரவாக உள்ளது என்று எழுதியிருந்தது. அவள் தலையைத் தூக்கினாள்.

"இருக்குதானே?" என்றார் கண்ணாடிக்காரர். "உன்னை விட்டுட்டு அவனை மட்டும் எழுதினா அவன் சும்மா இருப்பானா? சொந்தக்காரங்கன்னா ஒரு நியாயம், மத்தவங்கன்னா ஒரு நியாயமான்னு கேப்பான்."

அவள் மறுபடி ஒருமுறை படித்தாள். தூசி என்ற இடத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அதைத் திருத்தினாள். அடியில் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தூசிக்கு ஒரு உறிஞ்சுற மிஷின் இருக்கு மாமா. அடுத்த மாசம் வாங்கலாம்னு இருக்கேன்."

"அது சத்தம் போடுமா?"

"கொஞ்சம் போடும்."

கண்ணாடிக்காரர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இந்தமுறை குனிந்து வெளியே போனார்.